இலேசான போட்

மீன்பிடி போட் ஒன்று பார்க்கப் போன இடத்தில் என் கணவர் முதலில் பார்த்தது அதன் நீல நிறத்தைத்தான். பொம்பிளை பார்க்கப் போனவர் போலச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எங்கள் பழைய போட் போன வருடத்து வாடைக்காற்றில் கல்லில் அடிபட்டுப் பிளந்துபோனது. எங்கள் வடமராட்சிக் கரையில் வாடை தொடங்கிவிட்டால் போட்டைத் தண்ணீரில் விட்டுவைக்க முடியாது. தொழில் முடிந்து வந்ததும் மேட்டுக்கு இழுத்தேற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். எங்கள் பக்கத்து இளந்தாரிகளில் பாதிப்பேர் வெளிநாட்டில். மிச்சப்பேரிடம் போய் "ஒருக்கா கை குடுங்கோ" என்று கேட்பது இவருக்கு வேப்பங்காய். ஆகவே நாங்கள் இருவர் மட்டும் இழுக்கக்கூடிய இலேசான போட்டாகத் தேடினார். அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் சாவகச்சேரியில் பஸ் மாறி, தென்மராட்சியின் தெற்குக் கரைக்கு வந்திருந்தோம். அங்கே உள்ளது ஆழமில்லாத பரவைக்கடல். வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது.

இவர் போட்டின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். அது உடனே எழும்பியது. அப்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோசத்தை எங்கள் கலியாணத்தன்றுகூட நான் காணவில்லை.

நான் உள்ளே ஏறி முன்தட்டைத் தட்டினேன். வெறும் பானையைத் தட்டியது போல இருந்தது. பழைய போட் அப்படிச் சத்தம் போடாது. இந்தப் பிளாஸ்டிக் போட்டுகளில் முன்னுக்கும் பின்னுக்கும் மூடிய அறைகள் இருக்கும். அவற்றுக்குள் மிதக்கக்கூடிய வெள்ளை றெஜிபோம் கட்டிகளை அடைத்திருப்பார்கள். போட் முழுக்கத் தண்ணீர் ஏறினாலும் அதுதான் மிதக்க வைக்கும்.

"அண்ணை, உதுக்குள்ளை ஒண்டும் இல்லையோ?" என்று விற்கிறவரிடம் கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. நான்தான் வெட்டி எடுத்தனான். வலை வைக்க நல்ல இடம். தண்ணி ஊறிக் கிடந்த பாரமும் குறைஞ்சிட்டுது."

"அப்ப தண்ணி ஏறினால்?"

"ஏறினால் என்ன? இறங்கி நிண்டு ஊத்திப்போட்டு வருவம்."

அவர் எதையும் மறைக்கவில்லை. அவருடைய கடல் அப்படி. எங்கள் கடலில் இறங்கி நிற்க எங்கே இடம் இருக்கிறது?

"இஞ்சருங்கோ, இதை ஒருக்காத் தாட்டுப் பார்த்திட்டு வாங்குவம்," என்றேன் இவரிடம்.

"வாயை மூடு! வாங்க வந்த இடத்திலை உந்தக் கதையே கதைக்கிறாய்?"

எங்கள் கரையில் போட்டுக்கு முன்னால் தாழ்வதைப் பற்றி, மூழ்குவதைப் பற்றி எவரும் கதைப்பதில்லை. ஓட்டை என்று சொல்லலாம், எஞ்சின் பழுது என்று சொல்லலாம், அந்த ஒன்று மட்டும் ஆகாது. விற்கிறவருடைய முகமும் கறுத்துவிட்டது. அதன்பிறகு நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. போட்டை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம்.

தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, போட்டைத் தண்ணீரில் இறக்கினார். அடுத்தநாள் எஞ்சின் பூட்டித் தொழிலுக்குப் போவதாக ஏற்பாடு. அன்று பின்னேரம் கடல் அசையாமல் கிடந்தது. தாட்டுப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இவர் கரையிலுள்ள வாடிக் குடிசையில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் சட்டையோடு நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கிப்போய், போட்டின் பின்பக்கத்தில் தண்ணீர் வடியவிடும் துவாரத்தின் தக்கையைப் பிடுங்கிவிட்டேன்.

தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது. இவர் கண்டு கத்திக்கொண்டு ஓடிவர, பின்பக்கம் போனது, பிறகு முன்பக்கமும் போனது. நீலம் ஒரு துளியும் வெளியில் தெரியவில்லை. "பாருங்கோ, வடிவாய்ப் பாருங்கோ," என்று நானும் கத்தினேன். பக்கத்து வாடிக்காரர் வந்து சேர்ந்து தூக்கித் தந்தார்கள். இவர் கேட்க விரும்பாத அதே ஆட்கள். இவர் என்னைத் திட்டித் தீர்த்தார்.

ஆனாலும் கண்டது கண்டதுதானே. வாயிறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கான்களைக் கொண்டுவந்து அந்த அறைகளுக்குள் அடைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது. போட்டும் கான்களோடுதான் போய் வந்தது.

கார்த்திகையில் மீன் நன்றாகப் பட்டது. இன்னும் நாலு துண்டு வலை கொண்டுபோனால் நல்லது, வைக்கத்தான் இடமில்லை என்று இவர் முணுமுணுக்கத் தொடங்கினார். நான் கேளாதவள் போல இருந்தேன். ஒருநாள் விடியக் கிணற்றடிக்குப் போனபோது கான்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. கயிறுகூட அவிழ்க்காமல் அறுத்துப் போட்டிருந்தது. அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. போனுக்கு எடுத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. கரைக்கு ஓடினேன். போட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன, இவருடையது வரவில்லை. ஊரில் உள்ள தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன், திட்டினேன், திரும்பவும் கூப்பிட்டேன்.

எல்லோருக்கும் பிறகு வந்தார். கூடக் கொண்டுபோன வலையை முன் அறையிலிருந்து எடுத்துப் போட்டார், விரிக்காததால் அது நனையவே இல்லை. போட் நிறைய மீன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பார்த்தியே, ஒண்டும் நடக்கேல்லை."

அதுவரை இருந்த பயம் ஒரு பயமே இல்லை. இனி அவர் அந்தக் கான்களைத் தொடவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.