பச்சை பெல்ட்டும் ஒரு மிஸ்டு காலும்

டிரைவிங் லைசென்ஸுக்கான ரோடு டெஸ்ட்டில் ஷாரிக் மூன்று முறை ஃபெயில். மூன்று முறையும் ரோட்டோரம் காரைப் பின்னால் எடுத்து நுழைக்கும் அதே பேரலல் பார்க்கிங்கில். அதிராம்பட்டினத்தில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் பார்சிப்பனியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தவன். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதில் சூரன். தான் ஓட்டும் காரின் பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்பதுதான் அவனுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அதனால் 2007 ஜனவரியிலும் நாலு மைல் சைக்கிள் மிதித்தே ஆபீஸ் போனான். உடம்பைப் பேணுகிறான் என்று ஆபீஸில் மெச்சினார்கள். அவனும் மறுக்கவில்லை.

குளிரை அவன் தாங்கினான். அவனுடைய ஃபோன் தாங்கவில்லை.

வீட்டில் மனைவி ஷஹீமாவுக்கு ஒன்பதாவது மாதம். கையில் தடித்த கிளவ்ஸ் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஃபோனை எடுக்க முடியாது என்பதால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு மிஸ்டு கால் என்றால் 'சும்மா, நினைச்சேன்'. அது எப்போதும் அவன் ஆபீஸ் சேர்ந்தபின், ஒன்பது மணிக்கு மேல் வரும். அடுத்தடுத்து இரண்டு என்றால் 'உடனே வா'. அமெரிக்கா வந்து மூன்று வருஷத்தில் வாய்ஸ்மெயிலில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரில் பழகிய மிஸ்டு கால் பாஷையே போதுமாக இருந்தது.

சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த ஃபோன், குளிர் கடுமையான முதல் வாரத்திலேயே பாதி வழியில் அணைந்தது. ஆபீஸ் சூட்டில் பத்து நிமிஷம் இருந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் முழு பேட்டரி காட்டியது. மிஸ்டு கால் எதுவும் இல்லை. சாயங்காலம் ஷஹீமா கேட்டாள்.

"மச்சான், காலைல டெஸ்ட் பண்ணலாம்னு ரெண்டு தடவ அடிச்சேன். ரெண்டும் நேரா வாய்ஸ்மெயிலுக்குப் போயிடுச்சு. கட் பண்ணிட்டேன். பாத்தீங்களா?"

ஷாரிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. அணைந்த ஃபோனில் மிஸ்டு கால் தடம் வைக்காது. நிஜமாகவே வலி வந்து கூப்பிட்டிருந்தாலும் அவன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போயிருப்பான்.

கீழ்வீட்டுத் திருமூர்த்தி ஈரோட்டுக்காரர், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். அவரிடம் போய் நின்றான்.

"பேட்டரி சாகலீங்க ஷாரிக். குளிர்ல வெறைச்சுப் போயிருக்குது. கொஞ்சம் சூடா வெச்சுக்கோணும், அவ்ளோதான்," என்றார் அவர்.

சூடாக என்றதும் நம் ஆளுக்கு ஹாட்பேக்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் மதியத்துக்குக் கட்டிய இட்லிமேல் ஒரு டிஷ்யூவை விரித்து, அதன்மேல் ஃபோனைப் படுக்கவைத்து மூடினான். ஆபீஸில் திறந்தபோது ஃபோன் இட்லியைவிடச் சூடாக இருந்தது. கண்ணாடிக்குள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. இரண்டு நாள் கழற்றிக் காயவைத்தபிறகு, ஏதோ புண்ணியத்துக்கு உயிர் வந்தது.

"அடுத்து மாவுல போட்டு வைங்க, புளிக்குதான்னு பாப்போம்," என்றாள் ஷஹீமா.

சிரித்தாளே தவிர, அவள் கண்ணில் பயம் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவன் அந்தப் பச்சை பெல்ட்டை எடுத்தான். வீட்டில் கைலி நழுவாமல் இருக்கக் கட்டுவது. நாலு விரல் அகலம், முன்பக்கம் பட்டன் வைத்த பை. பனியன்மேல் அதை இறுகக் கட்டி, பையில் ஃபோனை வைத்து, மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேலே ஜாக்கெட். உடம்புச் சூட்டில் ஃபோன் குழந்தையாகக் கிடந்தது. வைப்ரேட் ஆனால் வயிற்றில் தெரியும்.

"இதக் கட்டிக்கிட்டு ரோட்ல எங்கயும் ஜாக்கெட்ட கழட்டிடாதீங்க மச்சான். பேரும் ஷாரிக், இடுப்புல பாம் கட்டுன மாதிரி ஒண்ணு. வம்பே வேணாம்."

அவள் சொன்னது விளையாட்டு இல்லை என்று அவனுக்கும் தெரியும். நாடு அப்படி இருந்தது. எனவே வழியில் திறந்து பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். வயிறு சொல்வதுதான் சேதி.

பிப்ரவரியில் ஒரு காலை. பிரசவத்துக்கு டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மணி எட்டே கால், பாதி வழி தாண்டிவிட்டான். வயிற்றில் ஒரு முறை அதிர்ந்தது.

ஓரமாக நிறுத்தி இரண்டாவதுக்குக் காத்திருந்தான். வரவில்லை. ஒன்று என்றால் சும்மாதான். ஆனால் ஒன்பதுக்கு முன்னால் அவள் ஒருநாளும் சும்மா அடித்ததில்லை. ஃபோன் உயிரோடு இருக்கிறது, அதிர்ந்ததே சாட்சி. அப்படியென்றால் இரண்டாவது வராமல் இருப்பதற்குக் காரணம் ஃபோன் இல்லை. டெஸ்ட் பண்ணுகிறவன் மூளை அவ்வளவு தூரம் போனதும், கால் தானாக சைக்கிளைத் திருப்பிவிட்டது. இரண்டு மைலை எப்படி மிதித்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

ஷஹீமா குளியலறை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பனிக்குடம் உடைந்து தரையெல்லாம் ஈரம். அவள் ஃபோன் ஒரு பக்கம், அதன் பேட்டரி கட்டிலுக்கடியில்.

"ஒண்ணு அடிச்சேன் மச்சான். ரெண்டாவது அடிக்கறதுக்குள்ள வலி வந்து கை நழுவிடுச்சு. வர மாட்டீங்கன்னே நெனச்சேன்."

அவன் ஜாக்கெட்டை விலக்கி, ஸ்வெட்டர்களைத் தூக்கி, பெல்ட் பையிலிருந்து ஃபோனை எடுத்தான். முழு பேட்டரி. அவசர எண் 911 அடித்தான். ஏழு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. மதியத்துக்குள் தாயும் பிள்ளையும் நலம் என்று வந்து சொன்னார்கள். பெண் குழந்தை, பெயர் ஃபைஹா என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஷாரிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதான். அவ்வளவு நிம்மதி.

குழந்தைக்கு மேனி கொஞ்சம் சில்லென்றிருந்தது. தாய்க்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. நர்ஸ் அவனிடம் சட்டையைத் திறக்கச் சொன்னாள். துணி இடையில் இருக்கக்கூடாது, மேனியோடு மேனியாக வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் சூடு என்று பொறுமையாக விளக்கினாள்.

"தெரியும், பழக்கம் இருக்கு," என்றான் ஷாரிக் ஆங்கிலத்தில். நர்ஸுக்கு விளங்கவில்லை.

பெல்ட்டை அவிழ்த்து, ஃபோனோடு சேர்த்து ஜன்னல் விளிம்பில் போட்டான். ஃபைஹாவை நெஞ்சில் வாங்கிக்கொண்டான். ஜன்னல் குளிரில் ஃபோன் விறைத்து அணைந்துபோனதை மறுநாள்தான் கவனித்தான்.