கடைசி வளைவில் பதினேழாம் நம்பர்

பெற்ற பிள்ளையை ஒரு மெதுவடையாகப் பார்க்க வேண்டிய கொடுமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. நாகவல்லிக்கு அது ஒரு திங்கட்கிழமை காலையில், அவளுடைய சொந்த இட்லி வண்டிக்கு முன்னாலேயே வந்தது.

கோவில்பதாகை மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப்பை ஒட்டி நிற்கும் வண்டி அது. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு ஆவடி ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது பைக் ரேஸ் நடந்திருந்தால், மறுநாள் ஒரு கூட்டம் மட்டும் ஓடாது. பெஞ்சைச் சுற்றி நின்றுகொண்டு முந்தின நாள் ரேஸை மறுபடியும் ஓட்டும். வாயால் மட்டும் ஓட்டினால் பரவாயில்லையே! பெஞ்சுதான் ட்ராக், தண்ணீர் ஜக்கு முதல் வளைவு, சட்னி வாளி கடைசி வளைவு. வடைகள்தான் பைக்குகள். தோற்ற பைக்கை, வாதத்தில் ஜெயித்தவன் எடுத்துத் தின்றுவிடுவான். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்த பழக்கமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இத்தனை நாளும் அந்த வடைகள் ஸ்பெயின்காரனாகவும் இத்தாலிக்காரனாகவும் இருந்தன. எவன் விழுந்தால் நாகவல்லிக்கு என்ன, வடை விற்றால் சரி. இந்த வாரம்தான் வினை வந்து சேர்ந்தது. அதே ரோட்டில் பைக் சர்வீஸ் ஷெட் வைத்திருக்கும் சுப்பராயன், ‘ஏரிக்கரை ரேசிங்’ என்று புதிதாக ஒரு டீமை ஆரம்பித்து, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் முதல் முறையாக ஒரு பைக்கை இறக்கினான். பைக்கின் நம்பர் பதினேழு. ஓட்டியவன் அவன் ஷெட்டிலேயே வேலை பார்க்கும் ஜீவா, நாகவல்லியின் ஒரே மகன். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள்.

முதல் ரேஸிலேயே பையன் கலக்கினான், சும்மா சொல்லக் கூடாது. கடைசிச் சுற்று வரைக்கும் மூன்றாவது இடம். மேடை ஏறிக் கோப்பை வாங்க இன்னும் ஒரே ஒரு வளைவு. அங்கே பின்னால் வந்த ஒருத்தன் உள்பக்கமாக முட்டிக்கொண்டு நுழைந்தான். ஜீவா ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டான். கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் மூன்று பேர் தாண்டிப் போய்விட்டார்கள். ஏரிக்கரை ரேசிங்குக்கு ஆறாவது இடம் கிடைத்தது.

“இதோ வந்துகினு கீறான் பாரு நம்ம பதினேழு,” என்று லோகநாதன் ஒரு வடையை எண்ணெய் ஒழுக ஒழுக பெஞ்சில் தள்ளினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை. வாயோ எட்டு ஊருக்குக் கேட்கும். “உள்ள நொழையறான் அவன். நம்மாளு இன்னா பண்ணணும்? கதவ சாத்தணும் மாமே! இவன் இன்னாடான்னா, வாங்க சார், உக்காருங்க சார்னு வழி உட்டுகினு நிக்கிறான்.”

கவனித்தீர்களா, ஜீவா என்று பெயர் சொல்லவில்லை. அக்கா பக்கத்திலேயே நிற்கிறாளே, மனசு நோகக் கூடாதே என்று அன்றைக்கு எல்லோரும் ‘பதினேழு’ என்றே பேசிக்கொண்டார்கள். பதினேழு என்றால் யார் என்று பெற்றவளுக்குத் தெரியாதாம். ரொம்பப் பெரிய மனசு!

“எஞ்சின்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்ணே,” என்றான் ஸ்ரீராம். மதுரைப் பையன், புதிய ஃப்ளாட்டுகளில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். போனில் அந்த வளைவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். “நல்லா ஓட்டிட்டு வந்தவன் திடீர்னு எதுக்கு விடப் போறான்?”

“எஞ்சின நானே பிரிச்சி பாத்துட்டேன் தம்பி,” என்றான் சுப்பராயன். டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தானே தவிர, குடிக்கவில்லை. “ஒரு கொறையும் இல்ல. அவனக் கேட்டா வாயே தொறக்க மாட்றான். இன்னிக்கு ஷெட்டுக்கும் வரல.”

“அப்ப மேட்டர் சிம்பிள்,” என்றான் லோகநாதன். “பயம். பதினேழு பயந்துட்டான். பயந்தவன்லாம் ஸ்கூட்டி ஓட்டிகினு காய்கறி வாங்கப் போவலாம், ரேஸுக்கு இன்னாத்துக்கு?”

கூட்டம் சிரித்தது. சுப்பராயன் சிரிக்கவில்லை. “பூந்தமல்லி பையன் ஒர்த்தன் பைக்க குடுண்ணான்னு கேட்டுகினே கீறான். சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லியாவணும்,” என்றான்.

இதைக் கேட்டதும் நாகவல்லிக்கு முதலில் வந்தது நிம்மதிதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒழியட்டும் அந்தப் பைக். போன வருஷம் பயிற்சியில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தவனுக்கு, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவது போல் ஊட்டினவள் அவள். அவன் ரேஸுக்குப் போகாமல் உயிரோடு இருந்தால் போதும் என்று வேண்டாத சாமி இல்லை. இதோ, வேண்டியது தானாக நடக்கப் போகிறது. வாயை மூடிக்கொண்டு இட்லி எடுத்து வைத்தால் போதும்.

ஆனால் ‘பயந்துட்டான்’ என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் பிள்ளை எதற்காக வழி விட்டான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஞாயிறு விடியலில் பைக்கை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஜீவாவை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், அவன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “எவனாச்சும் இடிச்சிகினு வந்தா உட்டுக் குடுத்துடு. முண்டாத. எந்தலைல அட்ச்சி சத்தியம் பண்ணு,” என்றாள். வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே, “சரி, சத்தியம், போதுமா?” என்று சொல்லிவிட்டு ஓடினான். அம்மா தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அம்மா உயிருக்கு ஆகாது. அதனால்தான் விட்டுக்கொடுத்தான் என் பிள்ளை, கேட்டால் பழி என் மேல் வரும் என்று வாயைத் திறக்காமல் படுத்துக் கிடக்கிறான் என்று அவள் ஞாயிறு சாயங்காலத்திலிருந்து குமைந்துகொண்டிருந்தாள்.

லோகநாதன் அந்த வடையை எடுத்துக் கடிக்கப் போனான்.

“வைடா அத்த!” என்று நாகவல்லி போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பார்க் கரண்டியோடு முன்னால் வந்துவிட்டாள். “எவன்டா பயந்தவன்? எம்புள்ளயா? நாந்தாண்டா அவன்கிட்ட சத்தியம் வாங்கிகினேன். எந்தலைல அட்ச்சி சொல்ல வச்சேன், எவனாச்சும் இடிச்சா வழி உட்டுடுன்னு. பெத்தவ பேச்சக் கேட்டதுக்கு இன்னா பேச்சு பேசுறீங்க? திட்டணும்னா என்னத் திட்டுங்கடா!”

லோகநாதன் வடையை மெல்ல, பயபக்தியோடு, தட்டில் திருப்பி வைத்தான். பிறகு அவனுக்கே உரிய வேகத்தில் கட்சி மாறினான்.

“டேய், இது வேற லெவல்டா! கோப்பை கண்ணுக்கு முன்னாடி கீது, அத்த உட்டுட்டு அம்மா சத்தியத்த நெனைக்கிறான் பாரு. எவன்டா செய்வான்? நீ செய்வியா? நான் செய்வனா?”

“அந்த வேகத்துலயும் அவ்வளவு நிதானமா யோசிச்சு விடுறான்னா, பெரிய விஷயம்ணே,” என்று ஸ்ரீராமும் ஒத்து ஊதினான்.

சுப்பராயன் முகத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக வெளிச்சம் வந்தது. “அக்கா, இத்த நேத்தே சொல்லக் கூடாதா? நான் கெடந்து மண்டய ஒடச்சிக்கினு கீறேன். பூந்தமல்லி பையனும் வேணாம், ஒர்த்தனும் வேணாம். அடுத்த ரவுண்டும் ஜீவாதான். நீ அந்த சத்தியத்த மட்டும் திருப்பி எடுத்துக்க,” என்றான்.

நாகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவிகளா, நான் அதற்காகவா சொன்னேன்? பிள்ளை மேல் விழுந்த கறையைத் துடைக்கத்தானே பேசினாள், பிள்ளையை மறுபடி அந்த எமன் மேல் ஏற்றவா? இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் லோகநாதன் போனை வாயருகே வைத்துக்கொண்டு, ஏரியாவில் இருக்கிற ரேஸ் குரூப் அத்தனைக்கும் நடந்ததைப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் தெருவே பேசியது. புள்ளன்னா இப்படி இருக்கணும் என்று முன்னே பின்னே தெரியாத பெண்கள்கூட வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது ஜீவா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இனி உன்னை ஒருத்தனும் பயந்தவன் என்று சொல்ல மாட்டான் என்று அவன் முதுகைத் தடவினாள். அவன் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தான்.

“யாரக் கேட்டும்மா சொன்னே?”

“யாரக் கேக்கணும்? சத்தியத்துக்காகத்தானடா உட்டே?”

“சத்தியம் எனக்கு ஞாபகமே இல்லம்மா.” அவன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான். “முட்டிக்குப் பக்கத்துல அவன் டயர் சுத்துறது தெரிஞ்சிச்சி. அவ்ளோதான். போன வருசம் எலும்பு ஒடஞ்ச சத்தம் காதுல கேட்ட மாதிரி ஆச்சி, கை தானா உட்டுச்சி. பயந்துட்டேம்மா. லோகு அண்ணன் சொன்னது நெசம்.”

நாகவல்லி அவன் முதுகைத் தடவிய கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“என்னால இனிமே முடியாதும்மா. இன்னிக்கு சாயங்காலம் சுப்பு அண்ணனப் பாத்து, எனக்கு வேணாம்ணா, அந்தப் பையனையே போட்டுக்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். எப்டி சொல்றதுன்னுதான் காலைலேந்து யோசிச்சிகினு கெடந்தேன்.”

அவள் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. அவள் மட்டும் காலையில் சும்மா இருந்திருந்தால் எல்லாம் அவள் வேண்டிக்கொண்டபடியே முடிந்திருக்கும். “இப்ப இன்னா கெட்டுப் போச்சி? போயி சொல்லிடு,” என்றாள்.

“இன்னான்னு சொல்றது? அம்மா சொன்னது பொய்யி, நான் பயந்துட்டேன்னா? ஊரே என்னத் தூக்கி வச்சி பேசிகினு கீது. இதுக்கு மேல போய் சொன்னா, இந்த ரோட்ல நான் நடக்க முடியுமா?”

“நான் போய் சொல்றேன், எம்புள்ள…” என்று ஆரம்பித்தாள். அந்த அடுத்த வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். காலையில் எந்த வார்த்தை லோகநாதன் வாயிலிருந்து வந்தபோது கரண்டியைத் தூக்கினாளோ, அதே வார்த்தை. மகன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேச்சை மாற்றி, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

சாயங்காலம் கூட்டமாக வந்துவிட்டார்கள். சுப்பராயன் முன்னால், லோகநாதன் பின்னால், அவனுக்குப் பின்னால் வேலையற்ற பாதித் தெரு. ஸ்ரீராம் படம் பிடிக்கப் போனைத் தயாராகத் தூக்கி வைத்திருந்தான். ஜீவா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான், சிரிக்க வேறு செய்தான், பாவம்.

“அக்கா, எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லிடு. சத்தியத்த உட்டுட்டேன், நீ சண்ட போட்டு ஓட்டுடான்னு,” என்றான் சுப்பராயன்.

அப்போதுதான் நாகவல்லிக்கு ஒரு வழி தெரிந்தது. சத்தியத்தை விட மாட்டேன் என்று சொன்னால்? பழி அவளோடு போகும். பொல்லாத அம்மா, பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று பேசட்டும், நாளைக்கு ஒருத்தன் இட்லி வாங்காமல் போகட்டும். பிள்ளைக்கு மானமும் நிற்கும், உயிரும் நிற்கும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள்.

“மாட்டேன். திருப்பி எடுக்க மாட்டேன். நான் உசுரோட கீற வரைக்கும் அந்த சத்தியம் சத்தியந்தான்.”

ஜீவா கண்ணை மூடித் திறந்தான். அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. கூட்டத்தில் எல்லோரும் சுப்பராயன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் கலங்கின கண்ணோடு கையெடுத்துக் கும்பிட்டான்.

“அப்ப சத்தியத்தோடயே ஓட்டட்டும்கா! கோப்பை வராட்டி போவட்டும். ஆறாவது வந்தாலும் சரி, பத்தாவது வந்தாலும் சரி, இப்டி ஒரு புள்ளதான் என் டீமுக்கு வேணும். சனிக்கிழம ப்ராக்டீசு, வந்துட்றா ஜீவா.”

லோகநாதன் விசில் அடித்தான். தெருப் பிள்ளைகள் கை தட்டினார்கள். இனி நாகவல்லி சொல்ல மிச்சம் இருந்தது அந்த ஒரே வார்த்தைதான், அதையும் மகன் பக்கத்தில் நிற்கும்போது சொல்ல முடியாது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஸ்ரீராமின் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “சரிண்ணா, வந்துட்றேன்,” என்றான்.