எரிக்கப் போகும் கதவுக்குப் பாலிஷ்

எங்கள் தீவில், கராச்சர்மா என்ற ஊரில், எனக்கு ஒரு மரப்பட்டறை இருக்கிறது. மூன்று பேர் வேலை பார்க்கிறோம்; அதில் என் வேலை பெரும்பாலும் பயப்படுவது.

போன வருடம் ஒரு மாணவியர் விடுதிக்குத் தீத்தடுப்புக் கதவுகள் செய்யும் ஆர்டர் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். மெயின்லேண்டிலுள்ள சோதனைக்கூடம் மாதிரிக் கதவை உலையில் பொருத்தி எரித்துப் பார்த்து, அரை மணி நேரம் தாங்கும் என்று சான்று தரவேண்டும். சான்று இல்லையேல் ஆர்டர் இல்லை.

சாத்தம் மர அறுவை மில்லில் வாங்கிய சிவப்புப் படாக் மரத்தில் கதவு செய்து கப்பலில் அனுப்பினோம். மறுநாள் டீ குடிக்கும்போதுதான் எங்கள் பட்டறை மேஸ்திரி சொன்னார், கதவுக்கு இரண்டு கோட்டு பாலிஷ் போட்டிருப்பதாக. ராமநாதபுரத்துக்காரர்.

"பொண்ணு பாக்க வாரவுக முன்னாடி மூஞ்சி கழுவாமயாண்ணே நிறுத்துவோம்?"

நான் அனுப்பிய வரைபடத்தில் பாலிஷே கிடையாது. தீக்கு நெய்யல்லவா வார்த்திருக்கிறார்! கப்பல்துறை ஜெட்டிக்கு ஓடினேன். போய்விட்ட கப்பலை என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "ஜஹாஜ் தோ கல் ஹீ சலா கயா" என்று, கப்பல் நேற்றே போய்விட்டதைச் சொல்லிக் காவலாளி ஆறுதல் தந்தார்.

திரும்பி வந்து, மிச்சத் துண்டொன்றில் அதே பாலிஷைப் பூசிக் காயவைத்து, அடுத்த நாள் கொல்லையில் வைத்து நெருப்புக் காட்டினோம். குப்பென்று பற்றியது. வாளித் தண்ணீரை அப்படியே வீசினேன். துண்டு அணைந்தது, மேஸ்திரியும் நனைந்தார்.

"சோதிக்கிறது மரத்தையா, என்னையாண்ணே?"

இரண்டாம் முறை நெருப்புக் காட்டியபோது, நான் எடுக்க முடியாதபடி மேஸ்திரி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பாலிஷ் எரிந்து தீர்ந்தது. அப்புறம் மரம் மெல்லக் கறுத்தது, அவ்வளவுதான். ஆறியதும் உளியால் கரியைச் சுரண்டினார். உள்ளே, இன்றுதான் அறுத்தாற்போல் சிவப்பு. கரியே மரத்துக்குக் கவசமாகிவிடுகிறது.

அந்தத் தைரியத்தில் சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பொறியாளர் அம்மாவிடம் கொலைக் குற்றவாளிபோல் பாலிஷ் விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.

"ஹாஸ்டல்ல மாட்டுறப்போ பாலிஷ் போடுவீங்களா சார்?"

படாக் கதவைப் பாலிஷ் இல்லாமல் இந்தத் தீவில் யார் மாட்டுவார்கள் என்றேன்.

"அப்ப பாலிஷ் போட்டதத்தான் சார் எரிச்சுப் பாக்கணும். வெறும் மரத்துக்கு சர்டிபிகேட் வாங்கிட்டு மேல பூசினா செல்லாது. எந்த பாலிஷ், எத்தனை கோட்டுன்னு டிராயிங்ல எழுதி மெயில் பண்ணுங்க."

என் வரைபடம்தான் தப்பு. மேஸ்திரியின் பெண்பார்க்கும் படலம் சரி. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சோதனை நாளில் அந்த அம்மாவே கூப்பிட்டார். கதவு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குப் பதில், அங்கே மழையா என்று கேட்டேன்.

"பாலிஷ் போயிருச்சு சார். கதவு நிக்குது."

விடுதியில் கதவுகளை மாட்டி முடித்தபோது, இன்னொரு கோட்டு போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும் என்றார் மேஸ்திரி. சான்றில் இரண்டு கோட்டு என்றுதான் இருக்கிறது. பாலிஷ் டப்பாவைப் பிடுங்கி மூடி, இந்த முறை நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.