மூன்றாம் நம்பர் ரைஃபிளின் வாய்

இன்று ஒரு துப்பாக்கியைக் கெடுத்துவிட்டேன்.

(பொம்மை இல்லை. எங்கள் ஸ்கூல் கேடட் டீமின் நிஜமான பாயிண்ட் டூ டூ ரைஃபிள்.)

வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். அண்ணன் கம்ப்யூட்டரில் சத்தம் வராமல் டைப் செய்கிறேன். இந்த குரூப்பில் என் பெயர் யாருக்கும் தெரியாது, அந்த தைரியம்தான்.

எங்களிடம் நான்கு ரைஃபிள். மூன்றாம் நம்பரில் ஷபானா அக்கா சுட்டால் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்.

நாளை காலை போட்டிக்கான செலக்‌ஷன். அக்கா பிளஸ் டூ. இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம்.

எங்களுக்குச் சுடச் சொல்லித்தரும் ஹவில்தார் சார் முதல் நாளே சொன்னார். "குழாய்க்குள்ள வரி வெட்டியிருக்கு பாப்பா. பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுத்து. குண்டு பம்பரமாட்டம் சுத்தறதாலதான் நேரா போவுது."

(எங்கள் ஊர் மலையைப் பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டமும் சுற்றத்தான் செய்கிறது, நேராகப் போய்ப் பார்த்ததில்லை என்று நான் சிரித்தேன்.)

"சிரிக்காத. வாய்கிட்ட மட்டும் இரும்பு படக்கூடாது. குண்டு கடைசியா தொடற இடம் அது. அங்க பிசிறு இருந்தா எவ்ளோ சுத்தினாலும் வேஸ்ட்."

இன்று காலையில் சுட்டு முடித்ததும் மூன்றாம் நம்பரைத் துடைப்பது என் முறை. அக்காவுக்காகப் பளபளவென்று இருக்கட்டும் என்று கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் இழுக்கும் துணியைக் கொஞ்சம் ஜாஸ்தியாக வெட்டினேன்.

வாய்க்குப் பக்கத்தில் துணி சிக்கியது. இழுத்தேன், கயிறு அறுந்தது. சார் டீ குடிக்கப் போயிருந்தார்.

பையில் இருந்த குடையின் கம்பியால் தோண்டினேன்.

துணி வந்துவிட்டது. வாய் விளிம்பில், நகம் தட்டுகிற மாதிரி ஒரு வெட்டும் வந்துவிட்டது.

மதியம் அக்கா அதில் சுட்டாள். ஐந்து குண்டும் ஐந்து மூலையில்.

"என்னம்மா, மூச்சு பிடிக்கலையா?" என்றார் சார்.

"பிடிச்சேன் சார்." அக்கா என் பக்கம் திரும்பினாள். "பக்கத்துல இருந்தல்ல, நீ சொல்லுடி. எங்க தப்பு பண்ணேன்?"

அரசாங்கத் துப்பாக்கி. அப்பாவைக் கூப்பிடுவார்கள். டீமை விட்டு அனுப்புவார்கள். வாயில் வந்தது இதுதான்:

"தோள் ஆடுச்சுக்கா."

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "ஒரு மணி நேரமா தொடப்பத்தை தோள்ல வெச்சுப் பழகறேன்டி. அம்மா பைத்தியமான்றாங்க. காலைல நான் சுடறதுக்குப் படுத்ததும் தோளைப் பாத்து சொல்லு, சரியா?"

சரிக்கா என்றேன்.

நாளை அவள் சுடுவதற்கு முன்னால் உண்மையைச் சொன்னால், வேறு ரைஃபிளில் ஐந்து குண்டு பழகிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

அவள் தோள் ஆடவே இல்லை. இதை எப்படி ஆரம்பித்துச் சொல்வது? யாராவது சொல்லுங்களேன்.