அம்மா பேர் வந்த இடம்

ஓய்வுபெறும் வாத்தியாரின் பேச்சை, கயத்தாற்று வீட்டில் நடமாட முடியாமல் இருக்கும் அவர் மனைவிக்காக டேப்லெட்டில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தேன். மனைவியின் பெயரைச் சொன்னதும் பேச்சை மறந்து நின்றுவிட்டார். கூட்டம் சிரித்தது. என் விரல் நிறுத்தும் பொத்தான்வரை போய்விட்டது.

பன்னிரண்டு வயதில் ஒருமுறை நிறுத்தியே விட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் அப்பாவுக்குப் பிரிவுபசார விழா. காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்காக டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டிருந்தேன். வீட்டில் ‘ஏட்டி’ என்று மட்டுமே கூப்பிடும் அப்பா, தீக்குச்சி மருந்து வாடையடித்த அந்தக் கொட்டகையில், “எங்க செண்பகம் இல்லன்னா நான் இங்கன நிக்க முடியாது” என்றார். பெட்டி ஒட்டும் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு மானமே போனது. டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்தப் பேர் அழியும்படி அதன் மேலேயே மீதிப் பேச்சைப் பதிந்தேன்.

அம்மா கேசட்டை இரண்டு தரம் கேட்டாள். “எம்பேரச் சொன்னியளாமே, பெட்டி ஒட்டுற மாரியம்மா வந்து சொன்னா. அத எங்க?”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். “டேப் அங்கன சிக்கிருக்கும்.”

“சரி, இப்பச் சொல்லுங்க. கேக்கேன்.”

“சும்மா கெட ஏட்டி” என்று கூச்சத்தோடு எழுந்து வெளியே போனார். கடைசிவரை சொல்லவே இல்லை.

டேப்லெட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன். கயத்தாற்றுக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும்.