படலையில் தொங்கிய ரோசாக் கொப்பு

கரவெட்டியில் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு மேல் கம்பி வளைவு போட்டுக் கொடி ரோசா படரவிட்டிருக்கிறேன். புதிதாக நீளும் கொப்புகளை இளசிலேயே வளைத்துக் கட்டிவிட வேண்டும். கடந்த மாரியில் மழை விடாததால், பிறகு கட்டலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு கொப்பு இடப்பக்கமாக முள்ளோடு தொங்கியது.

ஒரு காலை கடைக்குப் பாண் வாங்கப் புறப்பட்ட என் கணவர் நேராக அதில் மோதினார். இடது இமை கிழிந்து இரத்தம் வழிந்தது. பயத்தில் அவர்மேலேயே எரிந்து விழுந்தேன்.

"உவ்வளவு பெரிய கொப்பு தொங்குது. கண் தெரியேல்லையோ உங்களுக்கு?"

துவாயால் கண்ணைப் பொத்தியபடி, "உண்மையாத் தெரியேல்லையப்பா," என்றார். "கொஞ்ச நாளா அந்தப் பக்கத்தாலை வாற சைக்கிளும் தெரியிறேல்லை. நீர் பயப்படுவீர் எண்டு சொல்லேல்லை."

ஓட்டோ பிடித்துப் பருத்தித்துறை ஆசுபத்திரிக்குப் போனோம். முள் கண்ணுக்குள் படவில்லை. ஆனால் சோதித்த டொக்டர், "இடது கண்ணிலை அழுத்தம் கூடிப் பார்வை குறைஞ்சிருக்கு. போனது திரும்பாது. மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாத்தலாம்," என்றார்.

வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்து அழுதேன்.

"அழாதையும். முள்ளுக் குத்தினதாலைதானே தெரிஞ்சது," என்றார் அவர்.

இப்போது ஒரு கொப்பையும் நடைவழிப் பக்கம் நீளவிடுவதில்லை. மழையென்றாலும் குடையோடு போய்க் கட்டிவிடுகிறேன். காலையும் இரவும் அவர் கண்ணுக்கு மருந்து விடுவதும் நான்தான். வெளியே போகும்போது, அவருக்குச் சொல்லாமலே அவரின் இடப்பக்கமாக நடக்கிறேன்.