காய்த்துக்கொண்டே செத்த தென்னை

பயந்தாள். ஒரே ஒரு முறை. ஆனால் நீங்கள் எல்லோரும் நினைக்கும் அந்த நாளில், சாரதாவின் கையில் கத்தி இறங்கிய நாளில், அல்ல.

சாரதா இறந்த செய்தி ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியது அவள் அண்ணன். தோப்பும்படி சந்திப்பில் லாரி மோதியிருக்கிறது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பவும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். பூஞ்சையின் இழைகள். வேறு எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

நாங்கள் ஒன்றாக வேலையில் சேர்ந்தவர்கள். தென்னை நோய்களைக் கவனிக்கும் அலுவலகம். எனக்கு ஆய்வுக்கூடம். அவளுக்குத் தோப்புகள். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கோபம் வந்தால் தமிழிலும் மலையாளத்திலும் வரும்.

குருத்தழுகல் அவளுடைய எதிரி. மழைக்காலத்தில் பூஞ்சை உச்சியில் நுழைந்து நடுக்குருத்தைத் தின்கிறது. மரம் அப்போதே செத்தாயிற்று. ஆனால் சுற்றியுள்ள மடல்கள் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். காய்கள் தொங்கும். "செத்தது அதுக்கே தெரியாது. அதான் ஆபத்து" என்பாள்.

பள்ளுருத்தியில் வேலாயுதம் அண்ணாச்சியின் தோப்பு. மட்டாஞ்சேரி பஜாரில் சாக்கு வியாபாரம் செய்தவர். வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த மரங்களாக நின்றது. மாதிரி எடுக்க நானும் சாரதாவோடு போயிருந்த நாளில், ஒரு மரத்தில் குருத்து சாய்ந்திருந்தது. மரமேறி குமாரன் மேலே போய் இழுத்தான். கையோடு வந்தது. கீழே நின்ற எங்களுக்கும் நாற்றம் எட்டியது.

"மோளே, மேல பாரு. காய் தெரியுதா, இல்ல கண்ணாடி போடணுமா?" என்றார் அண்ணாச்சி.

"தெரியுது அண்ணாச்சி. பொணத்துக்கும் நகம் இருக்கத்தானே செய்யும்."

"காய் முத்தட்டும். ஓணம் கழிஞ்சு வெட்டிக்கோ."

"ஓணத்துக்குள்ள பக்கத்து மரம் எல்லாம் போயிரும். குமாரா, மண்டையை வெட்டு."

மேலே முதல் வெட்டு விழுந்ததும் அண்ணாச்சி வெட்டுக்கத்தியோடு மரத்தை நோக்கி ஓடினார். மரத்துக்கு ஓங்கினாரா, எங்களுக்கு ஓங்கினாரா, இன்றும் தெரியாது. அவள் குறுக்கே இடது கையை நீட்டினாள். கத்தி முன்கையில் இறங்கியது. வெள்ளையாக எலும்பு. பிறகுதான் ரத்தம். அண்ணாச்சி சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"நிறுத்தாதே குமாரா!" என்று கத்தினாள். மரத்தின் மண்டை மடல்களோடு விழுந்தது. தரை அதிர்ந்தது. அதன் பிறகுதான் ஆட்டோவில் ஏறச் சம்மதித்தாள். ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

வெட்டிய மண்டையை அங்கேயே எரிக்க வேண்டும். அவள் கையைக் கவனிக்கப் போனதில் அன்று எரிக்க ஆளில்லை. அந்தப் பக்கத்தில் விழுந்த தென்னையின் மடலை யாரும் வீணாக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பங்கு வைத்து, அழுகல் ஒட்டிய மடல்களைத் தோப்பு நெடுக இழுத்துக்கொண்டு போனார்கள். ஓலை முடைய ஊறப்போட்டார்கள்.

அடுத்த மழைக்கு அண்ணாச்சி அலுவலக வாசலில் வந்து நின்றார். தோப்புக்கு வரும்படி கையைக் காட்டினார். போனோம். மடல்கள் இழுபட்ட வழியெல்லாம் குருத்துகள் சாய்ந்திருந்தன. அப்போதுதான் சாரதா பயந்தாள். என் தோளைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, இது என் தப்பு" என்றாள். "என் கையைப் பார்த்தேன். ஓலையை விட்டுட்டேன்."

அவர் கோடரியை எடுத்தார். நோயுற்ற மரத்தை வெட்டத் தொடங்கி, நிற்காமல் அடுத்ததற்குப் போனார். அது நல்ல மரம். "எல்லாம் போகட்டும்! ஒண்ணும் வேண்டாம்!" வெட்டிய சிராய்கள் முகத்தில் தெறித்தன. நான் விலகி ஓடினேன். அவள் பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் சேற்றில் உருண்டார்கள். வெட்டுப்பட்ட அவள் இடது கையில் பலமில்லை. அவர் மணிக்கட்டைக் கடித்தாள். கோடரி விழும்வரை விடவில்லை.

"விடுடீ, பட்டி! நாயே!"

"பட்டிதான். இது நல்ல மரம். தொட்டா மறுபடி கடிப்பேன்."

அவர் அழுதார். பிறகு, மூச்சு வாங்க, சிரித்தார். அன்று நோய்ப்பட்ட ஒவ்வொரு மண்டையையும் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தோம். நின்ற மரங்களின் குருத்தடியில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைக் குமாரன் பூசினான். பாதித் தோப்பு பிழைத்தது. இன்றும் காய்க்கிறது.

இரங்கல் கூட்டத்தில் அவளை அன்பானவள் என்றார்கள். இருக்கலாம். என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு. "நான் சொல்றதுதான் சரி" என்பதையும் "என் தப்பு" என்பதையும் அவள் ஒரே குரலில் சொன்னாள். அதே சத்தம். அந்தக் குரலை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் அது வரவில்லை.

லாரி மோதிய அன்று அவள் கும்பளங்கியில் ஒரு தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். காரியம் முடிந்த மறுநாள் நான் அங்கே போனேன். குமாரனைக் குருத்தை இழுக்கச் சொன்னேன். வந்தது. தோப்புக்காரர் காய்களைக் காட்டினார். வெட்டச் சொன்னேன். கடைசி மடல் எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றேன்.